ரத்தம் கம்மி என்று சொன்னேன்

1

போன வாரம் என் மகன் ஜோயல் முதல் தடவையாகப் பெரியவர்களுக்கான சர்க்கரை டாக்டரிடம் போனான். இத்தனை நாள் குழந்தைகள் பிரிவிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வயதாகிவிட்டது, இனி அங்கே போ என்று கடிதம் வந்தது. இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு; இடம் மாறினால் நாலு படிவம். வரவேற்பில் இருந்த பெண் நீட்டிய தாள்களை வழக்கம்போல் நான் வாங்கப் போனேன். அவள் என்னைத் தாண்டி அவனிடம் கொடுத்தாள்.

அவன் முழங்கால்மேல் வைத்து எழுத, நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. ரத்த சொந்தத்தில் வேறு யாருக்காவது இதே நோய் இருக்கிறதா? ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு நான் 'இல்லை' என்று எழுதினேன். அன்றைக்கு அது உண்மை. ஜோயல் 'ஆமாம்' என்ற கட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் 'மாமா மகள், இந்தியா' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

அந்த 'ஆமாம்' எப்படி வந்தது என்பதை எழுத வேண்டும் என்று அன்று சாயந்திரமே தோன்றியது. ஊரில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு எங்கள் வீட்டைத் தெரிந்திருக்கும். தெரிந்தால் தெரியட்டும்.

2

நாங்கள் பென்னலூர்க்காரர்கள். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்த்தார். இரண்டு வருடம் ஜெர்மனியில் வேலை என்று அனுப்பினார்கள். இரண்டு, பதினைந்தாகிவிட்டது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து அரை மணி ரயில் தூரத்தில் ஒரு சின்ன ஊர். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைத்து மடிக்கிற பிரிவில் இருக்கிறேன்.

வரும்போது ஜோயலுக்கு நாலு வயது. பள்ளிக்கூடம் போன ஒரே வருடத்தில் என்னை 'மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தான். இங்கே அம்மாவுக்கு அதுதான் பேர். முதல் லீவுக்கு ஊருக்குப் போனபோது வீட்டு வாசலில் என்னைப் பார்த்து "மாமா, மாமா" என்று அழுதான். என் அண்ணன் அருள் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று ஓடி வந்து தூக்க, இவன் இன்னும் பெரிதாக அழுதான். அண்ணி மேரி சிரித்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று. "இன்னாடா உங்கம்மாவ மாமான்ற! அப்ப எம் புருசன் யார்ரா?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார். அண்ணனுடைய மகள் ஜெனி அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோயலைவிட நாலு மாதம் இளையவள். "எம் பொண்ணு உனக்குத்தான்டி மருமக, இப்பவே சொல்லிட்டேன்" என்பார் அண்ணி. நான் சிரிப்பேன். விளையாட்டுதான். ஆனால் வருடாவருடம் சொல்லப்படுகிற விளையாட்டு.

ஜோயலின் தமிழ் மெல்லக் கரைந்துகொண்டே போனது. பன்னிரண்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "நல்லா இருக்கேன், பை" என்று இரண்டு சொல்லோடு எழுந்து போவான். பதினாலில் அதுவும் இல்லை.

அந்தப் பதினாலாவது வயதில்தான் அவனுக்கு வந்தது. ஒரு மாதமாகத் தண்ணீராகக் குடித்தான். வளர்கிற பையன், கால்பந்து ஆடுகிறான் என்று நினைத்தேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு காலையில் வாந்தி. பெரிய பெரிய மூச்சு. வாயிலிருந்து அழுகின பழத்தின் வாசனை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். தாகத்துக்கு இங்கே 'டுர்ஸ்ட்' என்பார்கள். 'வுர்ஸ்ட்' என்றால் பன்றி இறைச்சியில் செய்கிற சாசேஜ். என் காதில் விழுந்தது இரண்டாவது. பத்து வருட ஜெர்மன் அந்த நிமிடத்தில் என்னை விட்டு ஓடிப்போயிற்று. "இல்லை டாக்டர், எங்கள் வீட்டில் அதெல்லாம் வாங்குவதில்லை, கோழி மட்டும்தான்" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தம்ளரை எடுத்துக் குடிக்கிற மாதிரி காட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேள்வி மட்டுமில்லை, ஒரு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்பதும்.

பத்து நாள் இருந்தோம். ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள், சோற்றை நிறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கிளம்புகிற அன்று ஒரு முதுகுப் பை நிறைய மருந்தும் கருவியும் கொடுத்தார்கள். பணம் எங்கே கட்டுவது என்று கவுன்டரில் கேட்டேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியே கார் நிறுத்துமிடத்து இயந்திரத்தைக் காட்டினாள். அந்த வாசலில் நாங்கள் கட்டியது அது ஒன்றுதான். மாதாமாதம் சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள், அதனால் இது தர்மம் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இருந்தாலும் காருக்குள் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் அழுதோம்.

3

ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். சொன்னால் சர்ச்சில் ஜெபக் குறிப்பில் பெயரை வாசிப்பார்கள். "அந்த ஊரு சாப்பாடுதான்" என்பார்கள். அண்ணியின் வாயில் விழுந்த செய்தி சாயந்திரத்துக்குள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும். நாளைக்கு அவனுக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும் என்றால்? இதெல்லாம் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் அவன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த தாய் என்பதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். அதை இப்போதுதான் எழுத வருகிறது.

நாலு வருடம் ஓடியது. ஊருக்குப் போவதை ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். வீடியோ காலில் ஜோயலின் கை தெரிந்தால் கேமராவைத் திருப்புவேன். அவன் புஜத்தில் ஒட்டியிருக்கிற, சர்க்கரை அளவு காட்டுகிற சென்சார் தெரிந்துவிடும் என்று.

போன வருடம் ஜெனி பிளஸ் டூ முடித்து ஒரகடத்தில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் செய்கிற ஃபேக்டரியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தாள். காலை ஷிப்டு என்றால் அஞ்சே காலுக்குக் கம்பெனி பஸ். அண்ணனும் வேறொரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ்தான் ஓட்டுகிறார். ஜூலை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெனி ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து முழுசும் குடித்தாள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"லைன்ல பாத்ரூம் போணும்னா டோக்கன் வாங்கணும் அத்தை. ஷிப்டுக்கு ரெண்டுதான். எனக்குப் பத்தவே மாட்டேங்குது. சூப்பர்வைசர் திட்றாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"ஒல்லியா நல்லாத்தான் கீறா, இல்ல?" என்றார் அண்ணி. "டயட்டாம்."

எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சோதித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் பார்த்தேன். கழுத்து எலும்பு தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு, சொல்லிவிடுவது என்றுதான் ஃபோனை எடுத்தேன். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அண்ணி, ஜெனிய ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான். ரத்தம் கம்மியா இருக்கும்போல."

என் வாயிலிருந்து அதுதான் வந்தது. அண்ணி என்மேல் மரியாதை உள்ளவர். வெளிநாட்டில் இருக்கிறவள், நாலும் தெரிந்தவள். டாக்டரிடம் போகவில்லை; ரத்தம் கம்மி என்பதற்கு வைத்தியம் யாருக்குத்தான் தெரியாது? மறுநாளிலிருந்து மகளுக்குப் பேரீச்சம்பழம், மாதுளை ஜூஸ், சர்க்கரை போட்ட பீட்ரூட் சாறு. ஷிப்டு முடிந்து வந்ததும் ஒரு பெரிய தம்ளர். அவளுக்கு இருந்த தாகத்துக்கு அவளும் கேட்டுக்கேட்டுக் குடித்திருக்கிறாள்.

4

பத்து நாளுக்குள் அண்ணனிடமிருந்து ஃபோன். இங்கே மதியம் பன்னிரண்டு, அங்கே மூன்றரை. நான் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாளிலிருந்து ஜெனிக்கு வாந்தியாம். பக்கத்து கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஹைவே ஓரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"சுகர் அறுநூறு கீதுன்றாங்க ஸ்டெல்லா. பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு சுகரா? மிஷின் ரிப்பேரான்னு கேட்டுட்டேன், நர்ஸு மொறைக்குது. ஐசியூ வெக்கணுமாம். அம்பதாயிரம் இப்பவே கட்டணுமாம்."

"இஎஸ்ஐ இருக்கே அண்ணா?"

"நம்பர் போட்டா பேரு வருது, கம்பெனி வரல. ஜூலை மாசத்துல கான்ட்ராக்டர் மாறிட்டான் இல்ல, புதுசா வந்தவன் ஏத்தவேயில்ல. ஃபோன் பண்ணா ஆதார் ஜெராக்ஸ் எடுத்துகினு ஆபீசுக்கு வாங்கறான். நான் இங்க நிக்கறதா, அங்க போறதா?"

பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றும் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆம்புலன்ஸில் போக வேண்டும், வழியில் ஏதாவது ஆனால் எங்களைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அதற்குமேல் எந்தத் தகப்பன் யோசிப்பான்?

துணிக்கூடையின்மேல் உட்கார்ந்து ஃபோனிலேயே பணம் அனுப்பினேன். ஐம்பதாயிரம் கேட்டார், ஒரு லட்சம் அனுப்பினேன். இரண்டு நிமிடம். அவ்வளவு சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பள்ளி லீவில் இருந்த ஜோயல் சமையலறையில் இருந்தான். அண்ணன் மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டர் ஏதோ ஆசிட் என்கிறார், ரத்தமெல்லாம் ஆசிட்டாம், மூளைக்குப் போய்விடுமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நான் இதுவரை கேட்டிராத குரலில் அழுதார்.

ஜோயல் என்னிடம் ஜெர்மனில் கேட்டான், "எனக்கு வந்ததுதானே?" நான் தலையசைத்தேன். "மாமாவுக்கு என்னைப் பற்றித் தெரியுமா?" தெரியாது என்றேன். அவன் என்னையே ஒரு கணம் பார்த்தான். கோபம் இல்லை அது. ஒரு பெரிய மனிதன் பார்க்கிற பார்வை. ஃபோன் பக்கம் குனிந்தான்.

"மாமா, நான் ஜோயல். பயப்படாத நீங்க. எனக்கும் அது இருக்கு. நாலு வருஷம். நானும் ஐசியூ படுத்தேன். இப்போ நல்லா இருக்குறேன், ஃபுட்பால் ஆடுறேன். டாக்டர் மெதுவா தண்ணி குடுக்கும், இன்சுலின் குடுக்கும். ரெண்டு நாள், மூணு நாள். ஜெனி எழுந்து வரும் மாமா."

அவ்வளவு நீளமாக அவன் தமிழ் பேசி எத்தனையோ வருடமாகியிருந்தது. மறுமுனையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"ஸ்டெல்லா... புள்ள இன்னா சொல்றான்?"

"ஆமாண்ணா. அவன் சொல்றது நெசந்தான்."

"சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "புள்ளைய இன்னொருவாட்டி சொல்லச் சொல்லு, எழுந்து வரும்னு" என்றார். ஜோயல் சொன்னான்.

5

மூன்றாம் நாள் ஜெனி கண் விழித்தாள். ஆறாம் நாள் வார்டு. ஒன்பதாம் நாள் வீடு. மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம். பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பணத்துக்காக இல்லை, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள. ஏழு பக்கம். ஐசியூ படுக்கை, மானிட்டர், நாலு டாக்டர்களின் ஃபீஸ், கையுறை, மணிக்கொருதரம் ரத்தப் பரிசோதனை. கடைசியில் ஒரு வரியில் இன்சுலின். அவள் உயிரைப் பிடித்து நிறுத்திய மருந்து அதுதான். அந்த ஏழு பக்கத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும்விடக் குறைந்த தொகையும் அதற்குத்தான்.

பாதிக்கு மேல் நாங்கள் அனுப்பினோம். மீதிக்கு அண்ணன் கம்பெனியில் முன்பணம் வாங்கினார். இஎஸ்ஐயில் பெயரை ஏற்றிவிட்டோம் என்று கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து சொன்னபோது ஜெனி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அடுத்த மாதம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்சுலின் இப்போது அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. சோதிக்கிற ஸ்ட்ரிப்பைத்தான் வெளியில் வாங்குகிறார்கள். எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் அண்ணி கூப்பிட்டார். வழக்கமான சாப்பிட்டாயா எல்லாம் இல்லை.

"பத்து நாளுக்கு முன்னாடி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா ஐசியூவே வேணாம்னு டாக்டரு சொன்னாரு. மெடிக்கல் ஷாப்புலயே பாப்பாங்களாம். தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி."

"எம் பொண்ணு தண்ணி குடிச்சத நீ பாத்த."

"பாத்தேன்."

"தெரிஞ்சிகினேதான் ரத்தம் கம்மின்னு சொன்னியா?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "ஆமா அண்ணி" என்றேன்.

"நான் என் கையால ஜூஸ் போட்டுக் குடுத்தேன்டி" என்றார். ஃபோன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலில் அண்ணன் வருவார், ஜெனி வருவாள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்.

இந்த முதியோர் இல்லத்தில் கிழவிகள் நீரிழிவை 'ட்சுக்கர்' என்பார்கள், நாம் சுகர் என்கிற மாதிரியே. 'எனக்கு ட்சுக்கர், கேக் வேண்டாம்' என்று மேசையில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கிற துணியைக் கொஞ்சம் வேகமாக மடிப்பேன்.

6

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். ஜோயல் தானாகவே வருகிறேன் என்றான். அண்ணி எங்களுக்குச் சோறு போட்டார், ஜோயலுக்கு எவ்வளவு போடலாம் என்று ஜெனியைக் கேட்டுக் கேட்டுப் போட்டார். என் தட்டில் போடும்போது தட்டை மட்டும் பார்த்தார்.

ஜோயல் இரண்டு மாதத்துக்கான சென்சார்களைச் சேர்த்துவைத்துக் கொண்டுவந்திருந்தான். ஜெனி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள்.

"ரெண்டு மாசம் இத வெச்சிப் பழகிட்டு அப்பறம் நான் எங்க போறது? எனக்கு விரல்ல குத்தறதே இருக்கட்டும்" என்றாள். ஜோயலுக்கு முழுதும் புரியவில்லை. நான் ஜெர்மனில் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "சரிதான்" என்று தமிழிலேயே சொன்னான். பிறகு இரண்டு பேரும் அவளுடைய ஃபோனில் எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று தங்கள் கணக்கை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பாதித் தமிழ், அவளுக்குப் பாதி இங்கிலீஷ். ஊசியைப் பற்றி இவ்வளவு சிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அவள் தண்டலத்தில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சேரும்போதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம், "எனக்கு சுகர் இருக்கு சார், மத்தியானம் ஊசி போடணும், அஞ்சு நிமிஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டாளாம்.

அண்ணன் வீட்டு மாடியில் ஃபேக்டரிப் பெண்கள் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை பதினொரு மணி இருக்கும். அதில் ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், முத்துலட்சுமி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"யக்கா, ஒரு சொம்பு தண்ணி தாங்க. தல கிறுகிறுன்னு வருது."

அண்ணி கையிலிருந்த கரண்டியை வைத்தார். "நேத்தும் தண்ணி கேட்ட இல்ல? இங்க வா. உக்காரு."

"ஒண்ணுமில்லக்கா. ஓவர்டைம் பாத்தது, தூக்கமில்ல."

"அத மிஷினு சொல்லட்டும். பாத்ரூம் அடிக்கடி போறியா? மெலிஞ்சிட்டியா?" கேட்டுக்கொண்டே ஜெனியின் பையை எடுத்து அவள் விரலைப் பிடித்தார்.

"ம்மா, ஊசிய மாத்து" என்றாள் உள்ளேயிருந்து ஜெனி.

"மாத்திட்டேன்டி."

"எதுக்குக்கா இதெல்லாம்? எங்க வீட்டுல யாருக்கும் சுகர் கெடையாது."

"எங்க வூட்டுலயும் யாருக்கும் இல்லன்னுதான் நெனச்சிகினு இருந்தோம்" என்றார் அண்ணி. குரலைத் தாழ்த்தவில்லை. தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். "எம் பொண்ணுக்கு சுகரு. தோ, என் நாத்தனா புள்ள, அவனுக்கும் சுகரு. சொன்னா இன்னா இப்ப?"

நாத்தனா. நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதை ஒப்புக்கொண்டு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. ஜோயல் தன் பெயரைக் கேட்டதுபோல் தலை தூக்கி, கையை உயர்த்திக் காட்டினான்.

மிஷின் பீப் என்றது. நூற்றிரண்டு.

"ஒண்ணுமில்ல. இட்லி வெச்சிகீறேன், சாப்ட்டுட்டுப் போய்த் தூங்கு" என்றார் அண்ணி. ஸ்ட்ரிப்பை உருவிக் குப்பையில் போட்டார். மிஷினைத் துடைத்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம் நான் நின்றிருந்த பக்கம் திரும்பி, அந்தப் பயணத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்கூட ஆவல, பாத்தியா" என்றார்.

"ஆமா அண்ணி."

அண்ணி உள்ளே போய், நாளைய பிரியாணிக்கு வாங்கி வைத்திருந்த பூண்டைத் தட்டில் கொட்டி எடுத்து வந்து தரையில் வைத்தார். தட்டின் ஒரு பக்கம் அவர் உட்கார்ந்தார். மறுபக்கம் இடம் இருந்தது.

"நிக்கற இன்னாத்துக்கு? உக்காந்து உரி."

உட்கார்ந்தேன்.